குரல்வளைக்குக் கீழே

விலாவிலிருந்து எடுத்த குருத்தெலும்பு வெள்ளை வெளேரென்று, மழமழவென்று இருக்கும். அதைச் சலைனில் நனைத்த காஸ் துணியில் பொதிந்து, கிண்ணத்தில் வைத்து, கண்ணெடுக்காமல் காவல் காப்பது ஸ்க்ரப் நர்ஸின் பொறுப்பு. தவறிக் கீழே விழுந்தால் அந்தக் குழந்தையின் மார்பில் மறுபடி கத்தி வைக்க வேண்டிவரும். சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் இ.என்.டி. தியேட்டரில் இருந்த வருஷங்களில் அந்தக் கிண்ணத்துக்குக் காவலாக நின்றவள் நான். எங்கள் சீஃப் பேச்சுக்குப் பேர்போனவர். ஆபரேஷன் நடுவில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார், பி.ஜி. பையன்களை வம்புக்கு இழுப்பார். குருத்தெலும்பைக் கையில் எடுத்துச் சீவ ஆரம்பித்துவிட்டால் மட்டும் வாயே திறக்க மாட்டார். படகு வடிவத்தில், ஓரத்தில் சின்ன விளிம்பு விட்டுச் சீவ வேண்டும். விளிம்பு சரியில்லை என்றால் துண்டு மூச்சுக்குழாய்க்குள்ளேயே சரிந்துவிடும்.

அதற்கு முன்னால் இன்னொரு வேலை உண்டு. விலா எடுத்த குழியில் சலைனை ஊற்றி, மயக்க மருந்து டாக்டரிடம் "ஒரு அழுத்து அழுத்துங்க" என்பார். அவர் பையை அழுத்த, நுரையீரல் விரியும். சைக்கிள் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். குமிழி வந்தால் நுரையீரலைச் சுற்றிய உறை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் தைத்து மூடிவிடலாம். நாங்கள் எல்லோரும் அந்தச் சின்னக் குழியையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

இத்தனையும் கால் அங்குலம் கூட இல்லாத ஓர் இடத்துக்காக. குரல்நாண்களுக்குக் கீழே கிரிக்காய்டு என்றொரு குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. மூச்சுக்குழாயின் மற்ற வளையங்கள் பின்பக்கம் திறந்தவை. இது ஒன்றுதான் முழு வட்டம். உள்ளே வீங்கினால் வெளிப்பக்கம் விரிய வழியில்லாமல் பாதையைத்தான் அடைக்கும். பிறந்த குழந்தைக்கு அங்கே அகலமே நாலு, ஐந்து மில்லிமீட்டர். நாலு மில்லிமீட்டர் பாதையில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் மிஞ்சுவது இரண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் காற்று போகும் பரப்பில் முக்கால் பங்கு காணாமல் போயிருக்கும். நமக்கு அதே வீக்கம் வந்தால் தொண்டை கட்டியிருக்கிறது என்று மிளகுப்பால் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவோம்.

பிறவியிலேயே சுருங்கிய பாதையோடு வரும் குழந்தைகளும் உண்டு. ஆனால் எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒருமுறை சாவிலிருந்து மீட்கப்பட்டவர்கள். 1965-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மெக்டொனால்டு, ஸ்டாக்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள், கழுத்தில் துளை போடாமல் மூக்கு வழியாகவே குழாயைச் செலுத்தி, பச்சைக் குழந்தைகளை நாள்கணக்கில் மூச்சு வாங்க வைக்கலாம் என்று எழுதினார்கள். பிழைக்கவே மாட்டா என்று இருந்த குறைமாதக் குழந்தைகள் அதற்குப் பிறகுதான் பிழைக்க ஆரம்பித்தன. அப்படிப் பிழைத்தவற்றில் சிலவற்றுக்கு, குழாய் அழுத்திய இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, புண்ணாகி, ஆறும்போது தழும்பு சுருக்கிக்கொண்டது. உயிரைக் காப்பாற்றிய குழாய் விட்டுப்போன மிச்சம் அது. 1970-களில் டொராண்டோவில் ஃபியரன், காட்டன் இருவரும் முதலில் குரங்குகளிலும் பிறகு குழந்தைகளிலும் வளையத்தைப் பிளந்து குருத்தெலும்பு வைத்து அகலப்படுத்திப் பார்த்தார்கள். அந்த ராபின் காட்டன் பின்னாளில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் இதற்கென்றே வாழ்ந்தார். பாதையில் பாதி வரை அடைத்திருந்தால் முதல் படி, எழுபது சதவீதம் வரை இரண்டாம் படி, அதற்கு மேல் மூன்றாம் படி, ஊசிமுனைக்கும் வழியில்லை என்றால் நாலாம் படி. இந்தக் கணக்கே காட்டன், மையர் பெயரில்தான் வழங்குகிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் மோனியே வேறு வழி எடுத்தார். கெட்ட பகுதியை வெட்டியெறிந்துவிட்டு மேலே கீழே இழுத்துத் தைப்பது. தையல் இழுபடாமல் இருக்க, சில பேருக்குத் தாடையை மார்போடு சேர்த்து ஒரு தையல் போட்டு வைப்பார்கள். அந்தக் குழந்தை ஒரு வாரம் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்.

இதெல்லாம் சீஃப் வாயால் கேட்டது. தியேட்டரில் எனக்குக் குழந்தை என்றால் பச்சைத் துணிக்கு நடுவே தெரியும் ஒரு கழுத்து, அவ்வளவுதான். அது எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்றெல்லாம் நினைக்க நேரமும் இருந்ததில்லை. கலந்தாய்வில் சொந்த ஊரான பெரம்பலூருக்கு மாற்றல் வாங்கி வந்த பிறகுதான் மீதிக் குழந்தையைப் பார்த்தேன்.

2011 ஐப்பசி மழையில் குன்னம் பக்கத்துக் கிராமத்தில் தரையில் படுத்திருந்த ஐந்து வயசுப் பெண்ணைக் கட்டுவிரியன் கடித்தது. கடித்த தடமே தெரியவில்லை. விடியற்காலையில் வயிற்றை வலிக்கிறது என்று அழுதிருக்கிறாள். பல் விளக்கும்போது இமை சொருகியிருக்கிறது. 108 வண்டியில் எங்களிடம் வந்து, விஷமுறிவு மருந்து ஏற்றி, திருச்சிக்கு அனுப்பினோம். கட்டுவிரியன் விஷம் நரம்பு முனைகளையே கெடுத்துவிடும். அந்த மருந்தால் நடந்துவிட்ட சேதத்தைத் திருப்ப முடியாது. நரம்பு தானாக மீண்டு வரும் வரைக்கும் மெஷின்தான் மூச்சு விட வேண்டும். விட்டது. பாப்பா நடந்து வீட்டுக்குப் போனாள். ஊரே திரண்டு பார்த்ததாம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்குக் கிடா வெட்டினார்கள்.

மூன்றாவது வாரத்தில் மூச்சில் சத்தம் ஆரம்பித்தது. ஒரு கிளினிக்கில் வீசிங் என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். ஆஸ்துமாவில் மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். பாதை சுருங்கிய குழந்தைகளுக்கு உள்ளே இழுக்கும்போதே தொண்டையில் கீச்சென்று கத்தும், கழுத்துக் குழி உள்வாங்கும். காது கொடுத்துக் கேட்டால் ஓ.பி. வாசலிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். கூடவே, "சமீபத்தில் வென்டிலேட்டரில் இருந்தாளா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். வென்டிலேட்டரில் இருந்து வரும் எந்தக் குழந்தையின் டிஸ்சார்ஜ் சீட்டிலும் இதைச் சிவப்பு மையில் எழுத வேண்டும் என்பது என் கட்சி. எழுத மாட்டேன் என்கிறார்கள்.

மறுபடி திருச்சி. இந்த முறை கழுத்தில் துளை போட்டு டியூபோடு வந்தாள். மூன்றாம் படி. வளையத்துக்குள் தீக்குச்சி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்ததாம்.

அவள் அம்மாவுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. எட்டாவதோடு படிப்பை விட்டவள், பருத்திக் காட்டில் கூலி வேலை. கையுறையைப் பார்த்ததுமே கை நடுங்கியது. கடைத்தெருவில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை வாங்கி, கழுத்தில் ஓட்டை போட்டு, அதில் டியூபை மாட்டிக் கழற்றக் கற்றுக்கொடுத்தேன். சளி உறிஞ்சும் குழாயை டியூபின் நீளத்துக்கு மேல் உள்ளே விடக்கூடாது. விடும்போது நீயும் மூச்சைப் பிடித்துக்கொள், உனக்கு முட்டும்போது அவளுக்கும் முட்டும், எடுத்துவிடு. கழுத்து நாடாவில் ஒரு விரல் நுழையணும், ரெண்டு விரல் நுழையக்கூடாது. அதே சைஸில் ஒன்று, ஒரு சைஸ் சின்னதில் ஒன்று, இரண்டு மாற்று டியூபும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில். டியூப் கழன்று, அதே சைஸ் ஏறவில்லை என்றால் சின்னது ஏறும். கிணற்றடிக்கும் வாய்க்காலுக்கும் விடவே கூடாது.

"சிஸ்டர், ராத்திரில எப்புடி?" என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. குரல்நாணுக்குக் கீழேயே மூச்சு வெளியேறிவிடுவதால் பாப்பாவுக்குச் சத்தமே வராது. வாய் கோணும், கண்ணீர் வழியும், அழுகை கேட்காது. பக்கத்தில் படுத்திருக்கும் அம்மா தூங்கினால் எழுப்ப ஆளில்லை. அவளே வழி கண்டுபிடித்தாள். முத்து நிறைய வைத்த கொலுசு வாங்கி இரண்டு காலிலும் போட்டுவிட்டாள். பாப்பாவும் சீக்கிரமே பழகிக்கொண்டாள். தண்ணீர் வேண்டுமானால் ஒரு காலை உதைப்பாள், சளி அடைத்தால் இரண்டு காலையும். புத்தகத்தில் இல்லாத இந்த ஏற்பாட்டை அதன் பிறகு நான் எல்லா அம்மாக்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

2012 எப்படிப்பட்ட வருஷம் என்று கிராமத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பாதி நாளுக்கு மேல் கரண்டு இருக்காது. சக்ஷன் மெஷின் கரண்டில் ஓடுவது. தேடிப் பிடித்துக் கால்மிதி சக்ஷன் ஒன்று வாங்கிக்கொடுத்தோம். பாட்டி மிதிப்பாள், அம்மா உறிஞ்சுவாள், தாய்மாமன் டார்ச் பிடிப்பார். ராத்திரி ரெண்டு மணிக்கும் அப்படித்தான். அரியலூர்ப் பக்கம் போனால் தூசு வேறு. ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் சிமெண்ட் ஆலை லாரிகள் ராப்பகலாகச் சுமக்கின்றன. நாமெல்லாம் மூக்கால் வடிகட்டி, ஈரமாக்கி, சூடாக்கி இழுக்கும் காற்று, இந்தக் குழந்தைகளுக்கு நேராக நுரையீரலுக்குப் போகிறது. பழைய வேட்டியைக் கிழித்து நனைத்துப் பிழிந்து டியூபின் முன்னால் கட்டச் சொன்னேன். அதைக் காய விடாமல் பார்த்துக்கொள்வதே ஒருத்தருடைய முழுநாள் வேலை.

பெரம்பலூர் ஊருக்கு ரயில் கிடையாது. முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் அரியலூர் வந்து, பல்லவன் பிடித்து எழும்பூரில் இறங்க வேண்டும். பாப்பாவை என் பழைய தியேட்டருக்குத்தான் அனுப்பினேன். பொது மயக்கத்தில், ஆனால் மூச்சு தானாக ஓடும்படி வைத்து, ஸ்கோப் விட்டுப் பார்த்தார் சீஃப். காப்பீட்டு அட்டை இருந்தது, எல்லாம் தயார் என்று குடும்பமே பெட்டி படுக்கையோடு போயிருந்தது. "இப்ப வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

தாய்மாமன் நேராக என்னிடம்தான் வந்தார். "என்னா சிஸ்டர், நீங்கதானே பெரிய டாக்டருன்னு சொன்னீங்க? கத்தி எடுக்கவே பயப்படறாரு. காசு எதிர்பாக்கறாரோ?" என்றார். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்கும்படி. நான் போனில் சீஃபைப் பிடித்தேன். வளையத்தின் உள்பக்கம் இன்னும் சிவந்து ஈரப்புண்ணாக இருக்கிறது. மார்பில் சளி. வயிற்று அமிலம் மேலே ஏறித் தொண்டையைச் சுடுகிறது. எடை போதாது. "இதுல கைய வச்சா வச்ச துண்டு ஒட்டாது, இருக்கற வழியும் அடைச்சுக்கும். முதல் ஆபரேஷன்லயே ஜெயிக்கணும் சிஸ்டர். ரெண்டாவது தடவைன்னா தழும்பு மேலயே கத்தி வைக்கணும். அவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றார்.

சொன்னேன். ஒருதரம் சொல்லி முடிகிற விஷயமா அது? பள்ளிக்கூடத்தில் டியூபைப் பார்த்துப் பிள்ளைகள் ஒதுங்கினார்கள். உறவில் ஒரு கல்யாணத்துக்கு "பாப்பாவை விட்டுட்டு வாங்க" என்றார்கள். யாரோ ஒருத்தர் ஏதோ ஊரில் ஒரே ஊசியில் சரியாக்குகிறார்களாம் என்று கிளப்பிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா வந்து என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்பாள். "எப்ப சிஸ்டர் எடுப்பாங்க?" நான் பாப்பாவின் எடையைப் பார்ப்பேன், அமிலத்துக்கு மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பேன், முட்டை சாப்பிட்டாளா என்று கேட்பேன். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த நல்ல சர்ஜன்களிடம் உள்ள ஒற்றுமை கைத்திறன் மட்டுமில்லை. குடும்பமே கும்பிட்டு நிற்கும்போது "இன்னும் இல்லை" என்று சொல்லிவிட்டு, அந்தக் கோபத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்கிற தைரியம் அவர்களுக்கு இருந்தது. ஆபரேஷன் நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற மாதங்களில்தான் ஜெயிப்பதும் தோற்பதும்.

ஆறு மாசம் எட்டானது. அந்த வருஷக் கடைசியில் ஆபரேஷன். நான் பெரம்பலூர் வார்டில் மருந்து ட்ரே அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் மணியைப் பார்த்தால் எந்தக் கட்டம் என்று தெரியும். இந்நேரம் விலா எடுத்திருப்பார்கள். இந்நேரம் சலைன் ஊற்றியிருப்பார்கள். முன்பக்கம் பிளந்து, தழும்பு பின்பக்கமும் இருந்ததால் பின்பக்கமும் பிளந்து, இரண்டு துண்டு வைத்தார்களாம். குருத்தெலும்பின் மேல்தோல் மூச்சுக்குழாயின் உள்ளே பார்க்க வேண்டும். அதன்மேல்தான் புதுச் சவ்வு படரும். நடுவே தாங்கலாக ஒரு சிலிக்கான் குழாய், கீழே பழைய டியூப் அப்படியே. ஒரே கட்டத்தில் எல்லாம் முடித்து, மூக்கு வழிக் குழாயோடு ஒரு வாரம் தூங்க வைத்து எடுத்துவிடுகிற முறையும் இருக்கிறது. அதற்கு நம்பகமான ஐ.சி.யூ. படுக்கை வேண்டும். சீஃப் இரண்டு கட்டமே போதும் என்றார்.

தாங்கலை எடுத்து, மறுபடி ஸ்கோப் பார்த்து, டியூப் சைஸைக் குறைத்து, பகலில் மூடிப் பார்த்து, பிறகு ராத்திரியும் மூடிப் பார்த்து, கடைசியில் 2013-இல் கழற்றினார்கள். ஒருநாள் சாயங்காலம் எனக்கு ஒரு போன். "சிஸ்டரு, நல்லாருக்கீங்களா?" என்று கட்டைக் குரலில் யாரோ கேட்டார்கள். "யாரு தாத்தா பேசறீங்க?" என்றேன். எதிர்முனையில் அம்மா சிரித்துச் சிரித்து மாய்ந்துவிட்டாள். பேசியது பாப்பா. வளையத்தைப் பிளந்து தைத்தால் குரல் கொஞ்சம் கரகரப்பது சகஜம். அது பிறகும் முழுக்கத் தெளியவில்லை. பள்ளிக்கூட நாடகத்தில் அவளுக்கு எப்போதும் ராஜா வேஷம்தான். அவளுக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

எல்லோருக்கும் இப்படி நடக்கவில்லை. செந்துறைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு வைத்த துண்டு கரைந்துபோய், மோனியே வழியில் வெட்டித் தைத்தார்கள். இன்னொரு குழந்தைக்கு டியூபுக்குள் சளி உலர்ந்து அடைத்து, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் வர முடிந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பிறகு நான் அரியலூருக்கு மாறினேன். 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். முன்பு திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் ஓடிய எத்தனையோ கேஸ்கள் இப்போது உள்ளூரிலேயே நின்றன. குழந்தையின் கிரிக்காய்டைப் பிளக்கிற வேலைக்கு மட்டும் இன்னும் பெரிய ஊர்தான். அதற்குத் தனிக் கை, தனி மயக்க மருந்து டாக்டர், தனி ஸ்கோப் எல்லாம் வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் அதைத் தொடங்கச் சொல்வது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு செய்கிற கையைவிட நிறையச் செய்த கை நல்லது. டியூபோடு இருக்கிற குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒரு நர்ஸும், அடைத்தால் அந்த நிமிஷமே மாற்றத் தெரிந்த ஒரு டியூட்டி டாக்டரும் ஒவ்வொரு ஊரிலும் இருந்தால் போதும்.

அந்த வருஷம் ஜெயங்கொண்டம் பக்கமிருந்து ஒரு சின்னப் பெண், முந்திரிக் கொட்டை உடைக்கிறவள், ஏழு மாதத்தில் பிறந்த பையனோடு வந்தாள். பையன் மெஷினில் பிழைத்து, இப்போது கழுத்தில் டியூப். நான் என் பழைய பொம்மையை எடுத்து ஆரம்பித்தேன். அவள் காதில் எதுவும் ஏறுவதாகத் தெரியவில்லை, அழுதுகொண்டே இருந்தாள். பாப்பாவின் அம்மாவுக்குப் போன் போட்டேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்தவள் பொம்மையை ஒதுக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நேராகப் பையனிடம் போனாள்.

"நாடாவ பின்னங்கழுத்துல முடிச்சு போட்டிருக்க. பச்சப்புள்ள, மல்லாக்கப் படுத்தா குத்தாதா? பக்கவாட்டுல போடு. சிஸ்டரு, நீங்க கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

தள்ளிக்கொண்டேன். முடிச்சை அவிழ்க்கும்போது டியூபை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஏற்கெனவே பிடித்திருந்தாள்.

"எப்பக்கா எடுப்பாங்க?" என்று கேட்டது அந்தப் பெண்.

"அத இப்ப கேக்காத. எத்தன கிலோ இருக்கான்? அதச் சொல்லு மொதல்ல."